முகத்துக்கு வெட்டிய பலகை

பதினாறு வருஷமாக நான் மனசுக்கு மேஜை நாற்காலி செய்கிறவன். சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் உளவியல் துறைக் கட்டடத்தின் தரைத்தளத்தில், மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கிற பட்டறை என்னுடையது. மாடியில் இருப்பவர்கள் மனித மனசை ஆராய்கிறார்கள். அதற்கு வேண்டிய பெட்டி, பலகை, தடுப்பு, விளக்கு எல்லாம் என் கையால் போகும். எனக்குச் சட்டென்று கோபம் வரும் என்பதால் ‘பட்டாசு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நேரில் கூப்பிட மாட்டார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

வந்த புதிதில் எனக்கு அவர்களைக் கண்டாலே இளக்காரம். மனசாம், ஆராய்ச்சியாம்! பார்த்தவன் யார், அளந்தவன் யார்? உட்கார்ந்து சம்பளம் வாங்க ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன். அந்த இளக்காரம் முதலில் இறங்கியது ஒரு மேஜையால்.

குழந்தைகள் எப்படி வளர்கிறார்கள், எந்த வயதில் என்ன புரிகிறது என்று பார்க்கிற மேடம் ஒருவர் இருக்கிறார். அதற்கு வளர்ச்சி உளவியல் என்று பெயர். பாதி பலகை, பாதி கனத்த கண்ணாடி வைத்து ஒரு மேஜை கேட்டார். தவழ்கிற குழந்தையைப் பலகைப் பக்கம் விடுவார்களாம். கண்ணாடிப் பக்கம் வந்தால் கீழே பள்ளம் மாதிரித் தெரியும். எதிர்ப்பக்கம் அம்மா நிற்பாள்.

“விழுந்தா யாரு பதில் சொல்றது? நீங்களா, நானா?” என்று சண்டைக்கே போய்விட்டேன்.

“கண்ணாடி உடையாதுன்னு நீங்க சொல்லுங்க, அப்புறம் வைக்கலாம்,” என்றார் அமைதியாக. நான் எண்பது கிலோ. அந்தக் கண்ணாடி மேல் ஏறி நின்று, நாலு தடவை குதித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

முதல் குழந்தை வந்த அன்று நானும் ஓரமாக நின்றேன். பத்து மாதம் இருக்கும். விளிம்புவரை வந்தது. கீழே பார்த்தது. பிறகு தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தைப் பார்த்தது. அம்மா சிரித்தாள், குழந்தை கண்ணாடி மேல் கையை வைத்தது. வேறொரு அம்மாவைப் பயந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவள் குழந்தை நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை. இன்னும் ஒரு வார்த்தை பேசத் தெரியாத உயிர் முகத்தைப் படிக்கிறது! அன்று மதியம் சாப்பிடும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு யார் வேலை கொண்டுவந்தாலும் ‘எதுக்கு?’ என்று கேட்க ஆரம்பித்தேன். தொழிற்சாலைகளுக்குப் போய் வேலை செய்கிறவர்களின் களைப்பையும் தவறையும் படிக்கிற ஒரு அம்மா, அட்டையில் இயந்திரத்தை ஓட்டுகிற பொத்தான் பலகையின் மாதிரி ஒன்று செய்யச் சொன்னார். நிறுத்துகிற பொத்தானும் ஓட்டுகிற பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அமுக்கிப் பார்த்தால் என் கையும் தவறாகத்தான் போனது. “ஆளை மாத்திப் பிரயோஜனமில்லைங்க, பொத்தானை மாத்தணும்,” என்றார். மனம் உடைந்து வருகிறவர்களிடம் பேசுகிற மருத்துவ உளவியல் அம்மா என்னிடம் கேட்டது ரெண்டே ரெண்டு: கதவு கிறீச்சிடக் கூடாது, அவர் நாற்காலியும் வருகிறவர் நாற்காலியும் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டேன். “அழறவங்க அண்ணாந்து பார்த்து அழக் கூடாது,” என்றார். நாற்காலிக் காலை நான் மூன்று தடவை அளந்தேன்.

இதெல்லாம் பெருமைக்குச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இத்தனையும் பார்த்த நான்தான் என் சொந்த அண்ணனோடு எட்டு மாதம் பேசாமல் இருந்தேன்.

அண்ணன் என்னைவிட ரெண்டு வயது மூத்தவன். தையல்காரன். கடைத்தெருவில் சொந்தக் கடை. எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. எனக்கு அவன், அவனுக்கு நான், அவ்வளவுதான். ஒருநாள் ரேக்கில் துணி எடுக்க ஏறும்போது ஏணி சறுக்கி விழுந்து அவனுக்குப் பின்மண்டையில் அடி. ஆஸ்பத்திரிக்கு அலறியடித்துக்கொண்டு ஓடினேன். கதவுக்கு வெளியில் இருந்தே, “ஏணியில ஏறச் சொன்னது யாரு? கடையில ஒரு ஸ்டூல் வாங்க வக்கில்லையா?” என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன். “வந்துட்டாண்டா,” என்று கட்டோடு சிரித்தான். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு அப்புறம் ஒரு மாதம் போயிருக்கும். காய்கறி மார்க்கெட்டில் எதிரே வருகிறான். நாலடி தூரம். நேராக என்னைப் பார்க்கிறான். பார்த்துவிட்டு, ரோட்டில் போகிற யாரையோ பார்த்த மாதிரி, விலகிப் போய்க்கொண்டே இருக்கிறான்! சரி, ஏதோ யோசனை என்று விட்டேன். அடுத்த வாரம் பஸ் நிறுத்தத்தில் அவனுக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். அவனே பேசட்டும் என்று வாயைத் திறக்கவில்லை. பத்து நிமிஷம். ஒரு வார்த்தை இல்லை. பஸ் வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்து, ஒதுங்கி வழிவிட்டு, “நீங்க ஏறுங்க சார்,” என்றான்.

சார்! ஒரே தட்டில் சாப்பிட்ட தம்பியைப் பார்த்து சார்! எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என்ன திமிர், என்ன கிண்டல்? நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை, வீடுவரை நடந்தே போனேன். அதற்குப் பிறகு ரெண்டு தடவை போன் பண்ணினான். எடுக்கவில்லை. நேரில் சார் என்று கூப்பிடுகிறவனுக்குப் போனில் மட்டும் என்ன வேண்டிக்கிடக்கிறது? அண்ணி கூப்பிட்டாள், அதையும் எடுக்கவில்லை. “அப்படி என்னதான் வீம்பு?” என்று என் மனைவி கேட்டபோது அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் இதைக் கூட்டம் சாரிடம் கொட்டிவிட்டேன். கூட்டம் சார் என்பது நான் வைத்த பெயர். நாலு பேர் சேர்ந்தால் ஐந்தாவது ஆள் எப்படி மாறிப்போகிறான் என்று படிக்கிறவர், சமூக உளவியல். அவருடைய நீள மேஜைக்குத் தடுப்பு போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நேத்து நீங்க லேட்டா வந்தீங்களே, ஏன்?” என்றார்.

“பஸ் கிடைக்கல சார்.”

“போன வாரம் பெயின்டர் லேட்டா வந்தாரே?”

“அவன் சோம்பேறி சார், அவனைப் பத்திப் பேசாதீங்க.”

“பார்த்தீங்களா?” என்று சிரித்தார். “நாம தப்புப் பண்ணா சூழ்நிலை. அடுத்தவங்க பண்ணா குணம். உலகம் பூரா எல்லாருக்கும் இருக்கிற கோளாறு இது, எனக்கும் உண்டு. உங்க அண்ணன் விஷயத்துல குணத்தைப் பார்த்துட்டீங்க. சூழ்நிலை என்னன்னு கேட்டீங்களா?”

“உங்களுக்கு அண்ணன் தம்பி இருக்காங்களா சார்?”

“இல்ல.”

“அதான் பேசறீங்க,” என்று சொல்லிவிட்டு ஆணியை ஓங்கி அடித்தேன். அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மூளை டாக்டர் ஒரு வேலை கொடுத்தார். மூளைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பைப் பார்க்கிறவர், நரம்பியல் உளவியல். ஐம்பது வயதுப் பெண்மணி. தலையில் அடிபட்டவர்களை ஆஸ்பத்திரியில் இருந்து அவரிடம் அனுப்புவார்கள். சின்ன விஷயத்துக்கும் விடமாட்டார். பதினாறு மரக்கட்டைகள் கேட்டால், ஓரம் உரசுகிறது என்று பதினாறையும் திருப்பி அனுப்புகிற ரகம். இப்போது கேட்டது ஒரு பலகை. நடுவில் முட்டை வடிவத்தில் துளை. புகைப்படத்தைப் பின்னால் செருகினால் முகம் மட்டும் தெரிய வேண்டும். முடி, காது, சட்டைக் காலர் எதுவும் தெரியக் கூடாது. ஒரு மாலை முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்புச் சாயம் பூசிக் கொடுத்தேன்.

“அருமை,” என்றார். அவர் வாயில் அந்த வார்த்தை வருவது அபூர்வம். அன்று நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

முதல் மாடியில் கண்ணாடி அறை இருக்கிறது. சோதனை நடக்கிற அறையின் சுவரில் பெரிய கண்ணாடி. அதன் பின்னால் ஒரு இருட்டறை. அங்கிருந்து பார்த்தால் சோதனை அறை தெரியும், இங்கிருந்து பார்த்தால் நம் முகம்தான் தெரியும். சோதனை அறையில் பேசுவது இருட்டறையில் கேட்க ஒரு ஒலிபெருக்கி. அது கரகரக்கிறது என்று சொன்னார்கள். மதிய உணவு நேரத்தில் யாரும் வரமாட்டார்கள் என்று, நான் அப்போது இருட்டறைக்குள் போய் ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

சோதனை அறைக் கதவு திறந்தது. மூளை டாக்டர். அவர் பின்னால் என் அண்ணன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே போயிருக்க வேண்டும். அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த சட்டம் அது: அனுமதி இல்லாமல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கக் கூடாது. தெரிந்தும் நின்றேன். கையில் ஸ்குரூ டிரைவரோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தப்புதான்.

“கீழ பட்டறையில யாரும் இல்லையே மேடம்?” என்று அண்ணன் கேட்டான். குரல் இறங்கிப் போயிருந்தது.

“சாப்பிடப் போற நேரம். அதனாலதான் இந்த நேரத்துக்கு வரச் சொன்னேன். அவர் கண்ணுல பட மாட்டீங்க. உட்காருங்க.”

மேஜை மேல் நான் செய்த பலகை. அண்ணி கொடுத்தனுப்பிய படங்களில் ஒன்றை டாக்டர் அதில் செருகினார். எனக்கு மேஜை பக்கவாட்டில் தெரிந்தது, படமும் தெரிந்தது. அண்ணி. அண்ணன் குனிந்து பார்த்தான், தள்ளிப் பார்த்தான்.

“பொம்பளை. நாப்பது நாப்பத்தஞ்சு வயசு. கண்ணாடி போட்டிருக்கா. என் வீட்டுக்காரியும் கண்ணாடிதான். அவளா?”

“கண்ணாடி இல்லாட்டி சொல்லியிருப்பீங்களா?”

“மாட்டேன் மேடம்.”

டாக்டர் சரி தப்பு எதுவும் சொல்லவில்லை. அடுத்த படம். அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தான். “வயசானவர். பாவம், தூக்கம் இல்லாத மூஞ்சி. யாருன்னு தெரியல.”

அது அவனுடைய படம். அவனே! ஸ்குரூ டிரைவரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தேன்.

மூன்றாவது படம் என்னுடையது. நான் வெட்டிய துளைக்குள், நான் தேய்த்த விளிம்புக்குள், என் மூஞ்சி.

“ஆம்பளை. மீசை. கோவக்காரரா இருப்பார் போல,” என்று லேசாகச் சிரித்தான். “யாருன்னு தெரியல மேடம்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவசரப்படவே இல்லை. “எப்போ கவனிச்சீங்க?”

“கட்டுப் பிரிச்ச அன்னிக்கே. கண்ணு தெரியுது, மூக்கு தெரியுது, எல்லாம் தெரியுது. ஆனா யாருன்னு வர மாட்டேங்குது. கடையில சமாளிச்சுடுவேன். வாயைத் திறந்தா போதும், குரல்ல பிடிச்சுடுவேன். தோளை அளந்தா தெரிஞ்சுடும். யார்கிட்டயும் சொல்லல. பைத்தியம்னு சொல்லிடுவாங்களோன்னு... பொண்டாட்டிக்கே போன மாசம்தான் சொன்னேன்.”

“தம்பிக்கு?”

அண்ணன் பலகையின் விளிம்பை விரலால் தடவினான். டாக்டர் காத்திருந்தார். மேஜையைத் தட்டவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவன் பேசுகிறவரை அப்படியே இருந்தார்.

“அவன் என்கிட்ட பேசறதில்ல மேடம். எட்டு மாசமாச்சு. என்ன தப்புப் பண்ணேன்னே தெரியல. போன் எடுக்கல. வீட்டுக்குப் போய் நிக்கவும் பயமா இருக்கு, அடிச்சு விரட்டிட்டான்னா? ரோட்டுல எங்கயாவது பார்த்தா சட்டையைப் பிடிச்சுக் கேக்கணும்னு நினைப்பேன். ஆனா பார்த்தாத்தான் எனக்குத் தெரியாதே. ஒருவேளை எதிர்ல வந்தானோ என்னமோ. நான் போயிருப்பேன்.”

ஐயோ. நான் சட்டைக் கையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன். பத்து நிமிஷம் பக்கத்தில் நின்றேனே! அவனே பேசட்டும் என்று நின்றேனே! தொண்டையைக் கனைத்திருந்தால் போதும். ‘அண்ணே’ என்று வேண்டாம், பஸ்காரனை ரெண்டு திட்டுத் திட்டியிருந்தாலே போதும். வாழ்நாள் பூராவும் வாயை மூடத் தெரியாத நான், மூடக் கூடாத அந்தப் பத்து நிமிஷம் மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். “உங்க பார்வை நல்லா இருக்கு. ஞாபகமும் நல்லா இருக்கு. புத்தியிலயும் ஒண்ணும் இல்ல. முகத்தை இன்னாரோடதுன்னு சேர்த்துச் சொல்ல மூளையில ஒரு இடம் இருக்கு. உங்களுக்கு அடிபட்டது அங்க. இது பைத்தியம் இல்ல. உங்களை மாதிரி நிறையப் பேரை நான் பார்த்திருக்கேன்.”

“நிறையப் பேரா?” என்றான் அண்ணன். அவ்வளவுதான், மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். அந்த அழுகையில் இத்தனை மாதப் பயம் இறங்கியது எனக்கே தெரிந்தது. சரியாகுமா என்று கேட்டான். முழுசாக ஆகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் வேறு வழியில் அடையாளம் பிடிக்கப் பழகலாம், நடை, குரல், உடுப்பு, நான் சொல்லித்தருகிறேன் என்றார். பொய் நம்பிக்கை ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை. உண்மையை அவன் தாங்குகிற அளவில் கொடுத்தார். பதினாறு வருஷம் அந்தக் கட்டடத்தில் இருந்தும் இவர்கள் வேலை இன்னதென்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

அவன் போன பிறகு நானே போய் டாக்டரிடம் ஒத்துக்கொண்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

“அது அவரோட ரகசியம். என்னை நம்பிச் சொன்னார். நீங்க திருடிட்டீங்க!”

தலையைக் குனிந்துகொண்டேன். என்னைத் திட்டியும் நான் திருப்பித் திட்டாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

“அவரா சொல்றவரைக்கும் உங்களுக்குத் தெரியாது. சொன்ன பிறகு கண்ணாடிக்குப் பின்னால நின்னதை நீங்க அவர்கிட்ட ஒத்துக்கணும். புரியுதா?” என்றார். கதவுவரை போன என்னைக் கூப்பிட்டு, “சீக்கிரம் போங்க,” என்றும் சொன்னார்.

நான் அன்றைக்கே போனேன். கடைத்தெருவில் கூட்டம் முழங்கையால் இடித்தது. ‘அண்ணே, நான்தான்’ என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடை வாசலில் அண்ணன் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு சட்டைக் கையைப் பிரித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தான்.

“வாங்க சார். என்ன தைக்கணும்?”

அதே சார். தெரிந்துதான் போனேன், இருந்தும் நெஞ்சில் இடித்தது. அவன் கண் என் மீசைக்குப் போயிற்று, சட்டைக்குப் போயிற்று, என் கைக்குப் போயிற்று. தேடுகிறான் என்று இப்போது எனக்குத் தெரிந்தது. பஸ் நிறுத்தத்திலும் இப்படித்தான் தேடியிருப்பான்.

“அண்ணே.”

கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

“தம்பியா? நீயாடா?” என்று மேஜையைச் சுற்றி ஓடிவந்தான். என் தோள் ரெண்டையும் பிடித்தான். என் இடது தோள் கொஞ்சம் இறக்கம், சின்ன வயதில் இருந்தே. அதைத் தடவிப் பார்த்து, “நீதாண்டா,” என்றான். “ஏண்டா வரல? நான் என்னடா பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல. நான்தான் முட்டாள்.”

“அது தெரிஞ்சதுதானே,” என்று அழுதுகொண்டே சிரித்தான். பிறகு என்னை உள்ளே இழுத்துப்போய், துணிக்கட்டுகளுக்கு நடுவில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். “உன் மூஞ்சி எனக்குத் தெரியலடா தம்பி. எல்லார் மூஞ்சியும்தான். ஆனா உன்னோடதுதான் கஷ்டமா இருக்கு.”

அவன் சொல்லி முடித்ததும் நானும் சொன்னேன். கண்ணாடி, இருட்டறை, எல்லாம். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் என் கையை விடவே இல்லை.

“என் படத்தைப் பார்த்துட்டா பாவம்னு சொன்னேன்? அப்போ உன் படத்தைப் பார்த்து என்ன சொன்னேன்?”

“கோவக்காரன்னு சொன்னே.”

“அப்போ சரியாத்தானே சொல்லியிருக்கேன்!”

மறுநாள் கூட்டம் சாரிடம் போய், நீங்கள் சொன்னது சரி சார் என்றேன். எது என்று கேட்டார். சூழ்நிலை என்றேன். அவர் ஜெயித்த மாதிரிப் பார்க்கவில்லை. உட்காரச் சொல்லி, அண்ணன் எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்டார். தடுப்புக்கு இன்னொரு தடவை சாயம் இலவசமாகப் போட்டுக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் கடைத்தெருவில் நான் திரும்பும்போதே சத்தம் ஆரம்பித்துவிடும். “என்னய்யா வண்டியை இப்படி நிறுத்திருக்கே, ரோடு உங்கப்பன் வீட்டுதா?” என்று யாரையாவது பிடித்துக்கொள்வேன். பழக்கடைக்காரர் காதைப் பொத்திக்கொள்கிறார். போகட்டும். பத்துக் கடை தள்ளி என் அண்ணன் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, வாசலுக்கு வந்து, நான் வருகிற பக்கம் பார்த்து நிற்கிறான்.